வேதாகமமும் தொலைநோக்கியும்: ஒரு கலந்துரையாடல் குழுவில் ஓராண்டு

அறிவியலையும் விசுவாசத்தையும் சேர்த்துப் பேசுகிறோம் என்று அழைக்கும் கூட்டங்களின் மேல் எனக்கு நெடுங்காலமாகவே நல்லெண்ணம் இருந்ததில்லை. நான் கண்டவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகையில் அடங்கும். ஒன்றில், மேடையில் நிற்பவர் ஒரு விஞ்ஞானியின் பெயரைச் சொல்லி, அவரே கடவுளை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று முடிப்பார்; கேட்டுக்கொண்டிருப்பவர்கள் ‘ஆமென்’ சொல்லிக் கலைவார்கள். மற்றொன்றில், படித்தவர்கள் நம்மைத் தாழ்வாக எண்ணிவிடக் கூடாதே என்ற கூச்சத்தில், சங்கடம் தரும் வசனங்களை எல்லாம் உவமை என்று ஒதுக்கிவிட்டு, மிச்சமிருப்பதை மெல்லிய குரலில் வாசிப்பார்கள். இரண்டிலும் சேராத ஒரு குழு இருக்கிறது என்று நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் அரைமனதுடன் சென்றேன். ஓராண்டில் பதினொரு கூட்டங்களில் அமர்ந்த பிறகு இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் குழுவின் பெயரைத் தவிர்த்துவிட்டேன்.

மாதம் ஒரு கூட்டம், இரண்டு மணி நேரம். ஏறக்குறைய இருபது பேர் வருகிறார்கள். கத்தோலிக்கர்களும் சீர்திருத்தச் சபையினரும் கலந்திருப்பதால், ஒருவர் ‘ஆதியாகமம்’ என்பார், மற்றவர் ‘தொடக்க நூல்’ என்பார். இருவரும் ஒரே பக்கத்தைத் திறக்கச் சற்று நேரமாகும். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர், ஒரு போதகர், செவிலியர் இருவர், கல்லூரி மாணவர் சிலர், நம்பிக்கையற்றவர் என்று தம்மைத் தெளிவாக அறிமுகப்படுத்திக்கொண்ட கணக்காளர் ஒருவர் என்று கூட்டம் கலவையானது. முதல் நாற்பது நிமிடம் உறுப்பினர் ஒருவர் பேசுவார், பிறகு கேள்விகள்.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. புதுமை அவர்களுடைய ஒரே ஒரு விதியில் இருக்கிறது. பேசப்போகிறவர் தம் குறிப்பை ஒரு வாரம் முன்னதாக, அதை ஏற்கமாட்டார் என்று தாம் கருதும் உறுப்பினர் ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். கூட்டத்தில் முதல் கேள்வி அவருடையதாகவே இருக்கும். எளிய ஏற்பாடுதான். ஆனால் நான் கண்ட நல்ல கூட்டங்கள் அனைத்தும் இந்த விதி காக்கப்பட்டவை, சோர்வளித்த கூட்டங்கள் அனைத்தும் அது கைவிடப்பட்டவை. இந்தக் குழுவைப் பற்றி நான் சொல்ல விரும்புவதில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும்.

நான் சென்ற முதல் கூட்டத்திலேயே ஒரு வதந்தியை எடுத்துப் பிரித்தார்கள். யோசுவா பத்தாம் அதிகாரத்தில் சூரியன் கிபியோன்மேல் தரித்து நின்ற நாளை நாசாவின் கணினிகள் கண்டுபிடித்துவிட்டன என்று கைபேசிகளில் சுற்றி வரும் செய்தியை, சபைக்குப் போகிற எவரும் ஒருமுறையாவது பெற்றிருப்பார். காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது ஒரு நாள் குறைந்ததாம்; யோசுவாவின் நாள் 23 மணி 20 நிமிடத்தை ஈடுசெய்ததாம்; யூதா அரசன் எசேக்கியாவின் காலத்தில் நிழல் பத்துப் பாகை திரும்பியது மீதி 40 நிமிடத்தைத் தந்ததாம். பத்துப் பாகைக்கு 40 நிமிடம் என்ற கூட்டல் சரியாக இருப்பதுதான் இந்தக் கதையின் கவர்ச்சி. பேசியவர் அதை மெதுவாகக் கலைத்தார். கோள்களின் இன்றைய நிலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், பழைய நிலைகள் கிடைக்குமே தவிர, இடையில் ஒரு நாள் தொலைந்ததா என்பது அந்தக் கணக்கில் தெரிய வழியே இல்லை. அதைச் சொல்ல, அந்த நாளுக்கு முன்பு யாரேனும் தேதியிட்டு எழுதி வைத்த ஒரு வானியல் குறிப்பு வேண்டும். கதையின் வேர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குச் செல்கிறது. நாசா என்ற அமைப்போ 1958-இல் தோன்றியது.

பொய்யைப் பொய் என்று காட்டியதோடு நின்றிருந்தால் அது சாதாரணக் கூட்டமாகவே இருந்திருக்கும். அவர் அடுத்துக் காட்டியதுதான் என்னை அங்கே மறுபடி வரச் செய்தது. வானியலாளர்கள் பழைய குறிப்புகளைக் கொண்டு பூமியின் சுழற்சியை உண்மையாகவே சோதிக்கிறார்கள் என்றார். கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததாகக் களிமண் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. பூமி என்றும் இன்றைய வேகத்திலேயே சுழன்றிருந்தால் அந்த நிழல் பாபிலோனில் விழுந்திருக்க முடியாது. மேற்கே ஏறக்குறைய 49 பாகை தள்ளி விழுந்திருக்கும். கடல் ஏற்றவற்றத்தால் பூமியின் சுழற்சி சிறிது சிறிதாகத் தளர்ந்து வருவதும், நாளின் நீளம் நூற்றாண்டுக்கு இரண்டு மில்லிவிநாடிக்கும் குறைவான அளவில் கூடி வருவதும், இப்படிப்பட்ட பலகைகளால்தான் உறுதியாகின்றன. இல்லாத நாளைக் கண்டுபிடித்த கணினியைவிட, இரண்டாயிரம் ஆண்டுகளில் சேர்ந்த மூன்று மணி நேரப் பிசகைக் காட்டிக்கொடுத்த களிமண் பலகை எவ்வளவு வியப்பானது! முதல் கேள்வி கேட்டவர் அந்த வதந்தியைத் தம் ஞாயிறு பள்ளி வகுப்பில் பலமுறை சொல்லியிருந்த ஒரு மூத்த அம்மையார். “அப்படியானால் யோசுவாவின் நாள் நடக்கவில்லை என்கிறீர்களா, தம்பி?” என்று கேட்டார். “நடந்ததா இல்லையா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது, அம்மா. நாசா சொன்னதாகச் சொல்வதை மட்டும் விட்டுவிடலாம் என்கிறேன்” என்று பதில் வந்தது. அந்த அம்மையார் அடுத்த மாதமும் வந்திருந்தார்.

சிலுவை நாளின் அந்தகாரத்தைப் பற்றிய கூட்டமும் இதே தரத்தில் இருந்தது. ஆறாம் மணி நேரமுதல் ஒன்பதாம் மணி நேரம்வரைக்கும் இருள் சூழ்ந்ததாக லூக்கா எழுதுகிறார். அது சூரிய கிரகணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு; ஆனால் சிலுவை நாளோடு இணைந்த யூதப் பண்டிகையான பஸ்கா பௌர்ணமியை ஒட்டி வருவது, சூரிய கிரகணமோ அமாவாசையில் மட்டுமே நிகழ்வது. மேலும் முழுக் கிரகணத்தின் இருள் ஓரிடத்தில் ஏழரை நிமிடத்துக்கு மேல் நீடிக்காது; இங்கே சொல்லப்படுவது மூன்று மணி நேரம். இந்தத் தடையை இன்றைய அறிவியல் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் சுவையான செய்தி. மூன்றாம் நூற்றாண்டிலேயே யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், பஸ்காவில் கிரகணம் எப்படி வரும் என்று கேட்டு அந்த விளக்கத்தை மறுத்திருக்கிறார். கி.பி. 33 ஏப்ரல் 3 மாலை எருசலேமில் சந்திரன் உதிக்கும்போது பகுதிச் சந்திர கிரகணம் ஒன்று முடியும் தறுவாயில் இருந்தது என்பதைக் கணக்கிட முடிகிறது. அதைச் சிலர் சிலுவை நாளோடு இணைக்கிறார்கள். ஆனால் பகலின் இருளுக்கு அது விளக்கமாகாது. பேசிய செவிலியர் இவ்வளவையும் சொல்லிவிட்டு, தமக்கு விளக்கம் கிடைக்கவில்லை என்றும், சுவிசேஷகர்கள் சொல்வதை அப்படியே விசுவாசிப்பதாகவும், அந்த விசுவாசத்துக்கு வானியலைத் துணைக்கு அழைக்கப் போவதில்லை என்றும் சொல்லி அமர்ந்தார். கணக்காளர் அதை ஏற்கவில்லை. ஆனால் எதை ஏற்கவில்லை என்று அவரால் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. கலந்துரையாடலில் இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பெத்லகேம் நட்சத்திரத்துக்கு இரண்டு மாதங்கள் ஒதுக்கினார்கள், அது தகும். வானியலாளர் கெப்லர் 1603 டிசம்பரில் வியாழனும் சனியும் நெருங்கியதைக் கண்டவர். அடுத்த ஆண்டு அக்டோபரில் அதே பகுதியில் ஒரு புதிய விண்மீன் வெடித்துத் தோன்றியதையும் கண்டவர். அந்த அனுபவத்திலிருந்து பின்னோக்கிச் சென்று, கி.மு. 7-இல் அவ்விரு கோள்களும் மீன ராசியில் ஒரே ஆண்டில் மும்முறை நெருங்கியதைக் கிறிஸ்துவின் பிறப்போடு தொடர்புபடுத்தினார். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கி.மு. 7-இல் அவை ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரு பாகை தொலைவில், அதாவது முழு நிலவை இரண்டு முறை வைக்கக்கூடிய இடைவெளியில் நின்றன. ஒரே நட்சத்திரமாகத் தெரிந்திருக்க வழியில்லை. 2020 டிசம்பர் 21 அன்று அதே கோள்கள் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நெருங்கியதை எங்களில் பலர் பார்த்திருந்தோம். அன்றுகூடக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இரண்டு புள்ளிகளாகவே தெரிந்தன. கி.மு. 2-இல் வெள்ளியும் வியாழனும் மிக நெருங்கியது உண்மைதான். ஆனால் கிறிஸ்து பிறந்தபோது அரசாண்டவனாக மத்தேயு சொல்லும் ஏரோது கி.மு. 4-இல் இறந்தான் என்பதே பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து.

இந்த விவாதத்தில் யாரும் எதிர்பாராத திருப்பம் ‘சாஸ்திரிகள்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நம் பழைய மொழிபெயர்ப்பு கிழக்கிலிருந்து வந்தவர்களை அப்படித்தான் அழைக்கிறது. வானத்தைப் பார்த்துப் பலன் சொல்லும் மரபைச் சேர்ந்தவர்கள் அவர்கள். ராசிபலன் பார்ப்பதைப் பாவம் என்று பிரசங்கிக்கும் சபைகள், அதே கலையைக் கொண்டு கிறிஸ்துவைத் தேடி வந்தவர்களை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேடையேற்றுகின்றன. இதைச் சொன்ன மாணவிக்குப் பதில் சொல்லப் போதகர் சற்றுத் திணறினார். திணறியதை மறைக்கவும் இல்லை. நட்சத்திரம் முன் சென்று, பிள்ளை இருந்த ஸ்தலத்துக்கு மேல் வந்து நின்றது என்று மத்தேயு சொல்வதற்கு எந்தக் கோளும் பொருந்தாது என்பதில் கடைசியில் அனைவரும் ஒத்துப்போனார்கள். அந்த ஒற்றுமையிலிருந்து ஒருவர் அற்புதத்துக்கும், மற்றொருவர் இலக்கிய நடைக்கும், கணக்காளர் கட்டுக்கதைக்கும் சென்றார்கள். மூவரும் ஒரே தரவை வைத்துக்கொண்டு பிரிந்தது எனக்கு நிறைவாக இருந்தது.

குழுவின் உண்மையான சோதனை அண்டத்தின் வயதைப் பற்றிய கூட்டத்தில் வந்தது. உலகத்தின் வயது ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டுகளே என்று உறுதியாக நம்பும் இளைஞர் ஒருவர் குழுவில் இருக்கிறார். 1650-இல் பேராயர் அஷர் வம்சவரலாறுகளைக் கூட்டி, படைப்பைக் கி.மு. 4004-இல் வைத்தார் அல்லவா, அந்த வழியில் வந்த நம்பிக்கை. அன்று பேசிய இயற்பியல் ஆசிரியர், விதிப்படி தம் குறிப்பை அவரிடமே கொடுத்திருந்தார். குறிப்பில் இருந்தது ஒரே ஒரு விண்மீன். 1987 பிப்ரவரியில் நம் பால்வெளிக்கு அருகிலுள்ள சிறிய விண்மீன் திரளான பெரிய மகெல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தது. 1604-இல் கெப்லர் கண்டதற்குப் பிறகு வெறும் கண்ணுக்குத் தெரிந்த முதல் வெடிப்பு அது. ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே அதிலிருந்து வந்த நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நிலத்தடிக் கருவிகளில் பதிவாகின. விண்மீனைச் சுற்றி முன்பே ஒரு வாயு வளையம் இருந்தது. வெடிப்பின் ஒளி அந்த வளையத்தை எட்ட ஏறக்குறைய எட்டு மாதங்கள் ஆயின. அதிலிருந்து வளையத்தின் உண்மையான அளவு கிடைக்கிறது. வானத்தில் அது எவ்வளவு சிறிதாகத் தெரிகிறது என்பதை ஹப்பிள் தொலைநோக்கி அளந்தது. இரண்டையும் சேர்த்தால் பள்ளி வடிவியலே தொலைவைச் சொல்லிவிடுகிறது: சுமார் 1,68,000 ஒளியாண்டுகள். அந்த ஒளி புறப்பட்டபோது அஷரின் உலகம் தொடங்கியிருக்கவில்லை.

இளைஞர் தயாராகத்தான் வந்திருந்தார். தேவன் விண்மீனைப் படைக்கும்போதே, பூமியை நோக்கி வரும் ஒளியையும் வழியிலேயே படைத்திருக்கலாம் அல்லவா என்று கேட்டார். ஆசிரியர் குரலை உயர்த்தவில்லை. “அப்படியானால், தம்பி, அந்த விண்மீன் வெடிக்கவே இல்லை. நடக்காத ஒரு வெடிப்பின் படத்தை, நியூட்ரினோக்களோடும் வளையத்தோடும் சேர்த்து, நாம் 1987-இல் பார்க்கட்டும் என்று அவர் வரைந்து அனுப்பினார் என்றாகும். வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது என்ற சங்கீதத்தை அப்புறம் எப்படி வாசிப்பது?” என்றார். அறை சற்று நேரம் அமைதியாக இருந்தது. வேறொருவர், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இறையியலாளர் அகுஸ்தீன் ஆதியாகமத்தின் நாட்களைச் சாதாரண நாட்களாகக் கொள்ளத் தயங்கினார் என்றும், சூரியன் நாலாம் நாளில்தான் வருகிறது என்பதே அந்தத் தயக்கத்துக்குக் காரணங்களில் ஒன்று என்றும் சொன்னார். இளைஞர் தம் கருத்தை அன்று மாற்றிக்கொள்ளவில்லை. ஆசிரியர் எழுப்பிய கேள்விக்குத் தம்மிடம் பதில் இல்லை என்று மட்டும் சொன்னார். அவரை யாரும் கேலி செய்யவும் இல்லை, கூட்டம் முடிந்தபின் தனியே அழைத்துத் திருத்தவும் இல்லை. பல சபைகளில் இதே கேள்வியின் இரு கரைகளிலும் நின்றவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதைக் கண்டிருக்கிற எனக்கு, இந்த ஒரு கூட்டமே குழுவைப் பரிந்துரைக்கப் போதும்.

இனி, சோர்வளித்தவை. அண்டம் மிகச் செறிந்த நிலையிலிருந்து விரியத் தொடங்கியது என்னும் பெருவெடிப்புக் கொள்கையைப் பற்றிய கூட்டத்துக்கு மிகுந்த எதிர்பார்ப்புடன் சென்றேன். ஜார்ஜ் லமேத்ர் பெல்ஜியம் நாட்டுக் குருவானவர்; 1923-இல் குருப்பட்டம் பெற்றவர்; அண்டம் விரிகிறது என்பதை ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்தும் விண்மீன் திரள்களின் வேகங்களிலிருந்தும் 1927-இல் எழுதியவர்; 1931-இல் அனைத்தும் ஒரே ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று சொன்னவர். விண்மீன் திரள்கள் தொலைவுக்கு ஏற்ற வேகத்தில் விலகிச் செல்கின்றன என்று சொல்லும், வானியலாளர் ஹப்பிளின் பெயரால் வழங்கிய விதியை ஹப்பிள்–லமேத்ர் விதி என்று அழைக்கலாம் என 2018-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தினர் வாக்களித்துப் பரிந்துரைத்தார்கள். இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி இந்தக் குழு பேசினால் எவ்வளவு ஆழம் போகலாம்! ஆனால் அன்று விருந்தினராக அழைக்கப்பட்ட பேச்சாளர் குறிப்பு எதையும் முன்னதாகக் கொடுக்கவில்லை. வேலைப்பளு என்று காரணம் சொல்லப்பட்டது. அவர், பெருவெடிப்பு என்பது ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’ என்ற வாக்கின் அறிவியல் மொழிபெயர்ப்பு என்று தொடங்கி, ‘ஆகாயவிரிவு’ என்ற சொல்லில் வரும் ‘விரிவு’ அண்டத்தின் விரிவை முன்னறிவிக்கிறது என்பது வரை சென்றார். அந்தச் சொல் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் தேர்வு; எபிரேய மூலத்தில் இருப்பது ‘ராக்கியா’, உலோகத்தைத் தகடாக அடித்துப் பரப்புவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த சொல். மொழிபெயர்ப்பாளரின் மேசையிலிருந்து தீர்க்கதரிசனம் வருவதில்லை என்று சொல்ல அன்று எவருக்கும் வாய்ப்புத் தரப்படவில்லை.

இதில் உள்ள முரண் லமேத்ரை அறிந்தவர்களுக்கு உறைக்கும். 1951 நவம்பரில் திருத்தந்தை 12-ஆம் பயஸ், அண்டத்தின் தொடக்கத்தைப் பற்றிய அறிவியலைப் படைப்புக்குச் சாட்சி போலப் பேசியபோது, அதனால் கலக்கமுற்றவர்களில் முதன்மையானவர் அந்தக் கொள்கையை உருவாக்கிய குருவானவரேதான். தம் கொள்கை விசுவாசத்தைப் பற்றிய கேள்விக்கு முற்றிலும் வெளியே நிற்பது என்பது அவர் நிலைப்பாடு. உலகத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்பது வேறு, அது படைக்கப்பட்டது என்பது வேறு; தொடக்கத்தைப் பகுத்தறிவால் நிறுவ முடியாது, அதை விசுவாசத்தால் மட்டுமே ஏற்கிறோம் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எழுதிவிட்டார். நாளைக்கு இயற்பியல், பெருவெடிப்புக்கு முன்பும் ஏதோ இருந்தது என்று காட்டினால், தொடக்கத்தின் மேல் விசுவாசத்தைக் கட்டியவர் என்ன செய்வார்? இந்தக் கேள்வியை நான் எழுதிக் கொடுத்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று ஜெபத்துக்குப் போய்விட்டார்கள். ஜெபத்தைக் குறை சொல்லவில்லை. அதைக் கதவின் தாழ்ப்பாளாகப் பயன்படுத்துவதைத்தான் குறை சொல்கிறேன். அது அன்று மட்டும் நடக்கவில்லை.

அண்டத்தின் மாறிலிகள், அதாவது ஈர்ப்பின் வலிமை போன்ற மாறாத அடிப்படை அளவுகள், உயிருக்கென்றே துல்லியமாக அமைந்திருக்கின்றன என்ற வாதத்தைப் பற்றிய கூட்டத்திலும் அதே கதை. அதற்குரிய பொருள் வளமானது: விண்மீன்களுக்குள் கார்பன் உருவாக வேண்டுமானால் கார்பன் அணுக்கருவுக்குக் குறிப்பிட்ட ஓர் ஆற்றல் நிலை இருந்தாக வேண்டும் என்று வானியலாளர் ஃபிரெட் ஹாயில் 1953-இல் ஊகித்தார், ஆய்வகத்தில் தேடியபோது அது 7.65 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகில் கிடைத்தது. பெருவெடிப்பைக் கடைசிவரை ஏற்காத அதே ஹாயில்தான் 1949-இல் வானொலியில் அதற்கு அந்தப் பெயரையும் வைத்தவர். கணக்காளர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: நம்மிடம் இருப்பது ஒரே அண்டம், மாறிலிகள் வேறு எந்தெந்த மதிப்பை எடுத்திருக்கக்கூடும், எவ்வளவு எளிதாக எடுத்திருக்கும் என்று தெரியாதபோது, இது அரிது என்று எந்தப் பட்டியலை வைத்துச் சொல்கிறீர்கள்? பேசியவர் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாமல் அவருடைய மனக்கடினமாக எடுத்துக்கொண்டார். அன்றும் குறிப்பு முன்னதாகக் கொடுக்கப்படவில்லை என்பதை நான் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கலிலேயோவைப் பற்றிய கூட்டம் இடைத்தரம். பூமி நகர்கிறது என்ற கருத்துக்குத் திருச்சபை 1616-இல் விதித்த தடையையும் 1633-இல் அவர்மேல் நடத்திய விசாரணையையும் மூடி மறைக்காமல் சொன்னார்கள். பூமி நகர்கிறதென்றால் அருகிலுள்ள விண்மீன்கள் இடம் மாறித் தெரிய வேண்டுமே என்ற நியாயமான அறிவியல் தடைக்கு 1838-இல்தான் வானியலாளர் பெசலின் அளவீடு விடை தந்தது என்பதையும் சேர்த்தார்கள். இத்தாலியின் போலோஞ்ஞா நகர ஆலயத் தரையில் 1655-இல் வானியலாளர் கசீனி பதித்த நடுப்பகல் கோட்டைப் பற்றிய பகுதி எனக்குப் புதிது: கூரையில் ஒரு துளை, தரையில் 66 மீட்டருக்கும் மேல் நீளும் ஒரு கோடு, ஆலயமே சூரியனை அளக்கும் கருவி. மற்றவை எல்லாம் பலமுறை கேட்டவை.

ஆண்டுக்கு இரண்டு முறை தொலைநோக்கியோடு திறந்தவெளிக்குச் செல்கிறார்கள். தொலைநோக்கி நல்லது, அதன் தாங்கி நல்லதன்று. காற்று அடித்தால் வியாழன் பார்வையிலிருந்து துள்ளி ஓடிவிடும். வரிசையில் நின்று ஒருவருக்கு ஒரு நிமிடம்தான் கிடைக்கிறது. ஆனாலும் 1610 ஜனவரியில் கலிலேயோ கண்ட நான்கு துணைக்கோள்களையும் ஒரே கோட்டில் கண்ட நிமிடம் அது. அன்றிரவு யோபு 38-ஆம் அதிகாரத்தைக் கைவிளக்கில் வாசித்தார்கள். ‘அறுமீன்’ என்றும் ‘மிருகசீரிஷம்’ என்றும் நம் மொழிபெயர்ப்பு சொல்லும் விண்மீன்கள் நேரே தலைக்கு மேல் இருந்தன. அறுமீன் என்பது கார்த்திகைக் கூட்டம், சுமார் 440 ஒளியாண்டு தொலைவில் இருப்பது. மிருகசீரிஷம் என்பது ஓரியன். கார்த்திகை ஈர்ப்பால் கட்டப்பட்டது, ஓரியன் கட்டவிழ்வது, ஆகவே யோபுவுக்கு ஈர்ப்பு விசை தெரிந்திருந்தது என்று ஒருவர் தொடங்கினார். கார்த்திகையும் இன்னும் ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளில் கலைந்துவிடும், ஐயா, என்று மாணவர் ஒருவர் இருட்டிலிருந்து சொன்னார். சிரிப்பு அடங்கியபின் எட்டாம் சங்கீதத்தை வாசித்தார்கள். அதற்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. என் மனத்தில் நின்ற இரவு அது.

சேர நினைப்பவர்கள் வேறு சிலவற்றையும் அறிந்திருக்க வேண்டும். இந்தக் குழு வானத்தைப் பற்றி எவ்வளவு துணிவோடு பேசுகிறதோ, உயிரியலைப் பற்றி அவ்வளவு அஞ்சுகிறது. பரிணாமத்தை ஒரு கூட்டத்துக்கு எடுக்கலாம் என்று மூன்று முறை கேட்கப்பட்டது. மூன்று முறையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டது. 1380 கோடி ஆண்டு வயதுள்ள அண்டத்தை அமைதியாக ஏற்றுக்கொண்டவர்கள், ஆதாமுக்கு வந்ததும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். விண்மீன்கள் தொலைவில் இருப்பதால் அவற்றோடு சமரசம் செய்வது எளிது போலும். அடுத்து, திரையில் காட்டும் படங்களில் எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன; ‘செந்நகர்வு’, ‘ஒளியாண்டு’ போன்ற சொற்களை முதல் முறை கேட்பவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தால் கேள்வி கேட்பவர்களின் எண்ணிக்கை கூடும். இப்போது கேட்பவர்கள் எப்போதும் அதே ஐந்தாறு பேர். அவர்களில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தன் விசுவாசத்துக்கு வெற்றிச் சான்றிதழ் தேடி வருகிறவர் இங்கே ஏமாறுவார். மதத்தை மடக்குவதற்கு வாதம் தேடி வருகிறவரும் அப்படியே. பதில் கிடைக்காத கேள்வியோடு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்க முடிகிறவர்களுக்கு, மாதத்தில் இரண்டு மணி நேரத்தைச் செலவிட இதைவிட நல்ல இடத்தை நான் காணவில்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் அண்டத்தின் வயதைப் பற்றிய கூட்டத்தைப் போன்றவற்றுக்கு அழைத்துச் செல்லலாம். விருந்தினர் பேச்சு என்று அறிவிக்கப்பட்ட மாதங்களில், குறிப்பு முன்னதாகக் கொடுக்கப்பட்டதா என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

அடுத்த கூட்டத்தின் பொருள் பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள். சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் முதல் கோளை 1995-இல் கண்டார்கள். இப்போது உறுதி செய்யப்பட்டவை ஐயாயிரத்துக்கும் மேல். தேவனால் பல உலகங்களைப் படைக்க முடியாது என்று கற்பிப்பதைப் பாரிஸ் ஆயர் 1277-இலேயே தடை செய்தார் என்பதிலிருந்து தொடங்கி, அங்கே உயிர் இருந்தால் சிலுவையின் பொருள் என்ன என்ற கேள்வி வரை போக எண்ணுகிறேன். ஏனெனில் இம்முறை முதல் நாற்பது நிமிடம் என்னுடையது. ஆறாயிரம் ஆண்டு இளைஞரிடம் ஒரு படியும் கணக்காளரிடம் ஒரு படியும் நேற்றே கொடுத்துவிட்டேன். கணக்காளர் இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் ஏற்கெனவே பென்சிலால் கோடிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.